போர்ட்டோவின் இரும்புப் பாலம்: முதலில் கீழே, அப்புறம் மேலே (புதுச்சேரி, கடலூரிலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி)

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடலுக்குள் நிற்கும் பழைய தூண்களைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். 1866இல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் சரக்கு இறக்கக் கட்டிய இரும்புப் பாலத்தின் மிச்சம் அது. 1952 புயலில் பாலம் போய்விட்டது. "அந்த முனை வரைக்கும் நடந்து போயிருக்கேன்டா" என்று தாத்தா கைநீட்டிக் காட்டுவார். அவர் காட்டிய இடத்தில் எனக்கு அலைதான் தெரியும்.

ஏறக்குறைய அதே காலத்து இரும்புப் பாலம் ஒன்று முழுசாக நின்று, மேலே ரயிலும் கீழே பேருந்தும் ஓட, இரண்டு தளத்திலும் ஜனங்கள் நடந்துபோவதை நான் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில்தான் பார்த்தேன். டோரு ஆற்றின் மேல் நிற்கும் லூயிஸ் மன்னர் பாலம். பிரான்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் அங்கே தங்கினோம். நம் ஊரில் பிரான்சில் உறவு இருக்கிற குடும்பங்கள் நிறைய. போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்தோடு திரும்பிவிடாமல் இன்னும் இரண்டு மணி நேரம் பறந்து இதையும் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே வருகிற பலர் நேராக மேல்தளத்துக்குப் போய், அஸ்தமனத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் ஊரைப் பார்க்கலாம், பாலத்தைப் பார்க்க முடியாது. காலடியில் இருப்பது கண்ணில் படாது அல்லவா? முதலில் ஆற்றங்கரையில் இறங்குங்கள், வளைவுக்குக் கீழே நில்லுங்கள், கீழ்த்தளத்தில் கடந்துபோங்கள். அப்புறம் மேலே ஏறித் திரும்பி வாருங்கள்.

கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

போர்ட்டோ என்றால் போர்ச்சுகீசிய மொழியில் துறைமுகம். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. பரங்கிப்பேட்டையை வெள்ளைக்காரர்கள் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம் என்றுதான் எழுதினார்கள். அதே பரங்கிப்பேட்டையில் 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதை மரக்கரி உலையில் உருக்கி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். உலகமெங்கும் இரும்பால் பாலம் கட்டிய நூற்றாண்டில் நம் கரையிலும் உலை எரிந்திருக்கிறது.

இனி பாலம். வடிவமைத்தவர் தெயோஃபில் சேரிக் என்ற பொறியாளர். அவர் குஸ்தாவ் ஈஃபிலின் கூட்டாளியாக இருந்தவர். இருவரும் சேர்ந்து வேலை பார்த்தபோது, ஆற்றில் சற்று மேலே மரியா பியா என்ற ரயில் பாலத்தை 1877இல் ஈஃபிலின் நிறுவனம் கட்டி முடித்தது. பிறகு பிரிந்துவிட்டார்கள். அடுத்த பாலத்துக்குப் போட்டி வைத்தபோது ஈஃபிலும் திட்டம் கொடுத்தார், சேரிக் பெல்ஜிய நிறுவனம் ஒன்றின் சார்பில் கொடுத்தார். வாய்ப்பு கிடைத்தது சேரிக்குக்கு. 1881இல் வேலை தொடங்கி, 1886 அக்டோபர் 31 அன்று மேல்தளத்தைத் திறந்தார்கள். கீழ்த்தளம் அதற்குப் பிறகு வந்தது.

வளைவின் அகலம் 172 மீட்டர். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய இரும்பு வளைவு அதுதான். மேல்தளத்தின் நீளம் சுமார் 385 மீட்டர், ஆற்றிலிருந்து உயரம் சுமார் 45 மீட்டர். சிதம்பரம் கோபுரத்தின் உச்சியில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த உயரம். மொத்த இரும்பு 3,000 டன்னுக்கு மேல். 1996இல் பழைய நகரம், இந்தப் பாலம், எதிர்க்கரை மடாலயம் மூன்றையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மரியா பியா என்பவர் லூயிஸ் மன்னரின் ராணி. ராஜா பெயரில் ஒரு பாலம், ராணி பெயரில் ஒரு பாலம், இரண்டும் ஒரே ஆற்றில். அம்மாவுக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடித்துவிட்டது.

விசா, டிக்கெட், கடிகாரம்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, எடுக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிப்பதுதான் விதி. அக்கா வீட்டில் மூன்று வாரம், போர்ட்டோவில் மூன்று நாள் என்றால் பிரான்சிடம் கேளுங்கள். அதே விசாவில் போர்ச்சுகல் போய்வரலாம். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தாலும் பரவாயில்லை, ஷெங்கன் எல்லையை விட்டு நீங்கள் வெளியே போவதில்லையே. பயணத் திட்டத்தில் போர்ட்டோவையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள், தங்கும் இடத்தின் முன்பதிவையும் வையுங்கள். பிரான்சிலிருந்து போர்ட்டோ போகும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள், ஆனால் விமானத்தில் ஏற்றும்போது அடையாளம் கேட்பார்கள். நகல் போதாது, அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

போர்ச்சுகல் கடிகாரம் பிரான்சைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நான் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து, அம்மாவைப் படகுத்துறையில் ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்துவிட்டேன். இறங்கியதும் மாற்றிவிடுங்கள். ஊருக்கு போன் பேசும்போது, கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் நம் ஊர் முன்னால் இருக்கும்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ இருக்கிறது. ஊதா நிறத் தடத்தில் ஏறி திரிந்தாத் நிலையத்தில் இறங்குங்கள், அங்கே கீழே போய் மஞ்சள் தடத்துக்கு மாறுங்கள். அடுத்தடுத்து வருவதில் சாவ் பென்ட்டோ போர்ட்டோ கரை, அதற்கு அடுத்த ஜார்டிம் டோ மோரோ எதிர்க்கரை. இரண்டுக்கும் நடுவில்தான் பாலம். பயணத்துக்கு அந்தான்த் என்ற அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு முறை ஏறும் முன்பும், தடம் மாறும்போதும், மேடையில் இருக்கிற இயந்திரத்தில் அதைத் தொட வேண்டும். தடுப்புக் கதவு இல்லாத நிலையங்களில் தொடாமலே ஏறிவிட முடியும், பரிசோதகர் வந்தால் அபராதம்.

எப்போது போவது

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. அக்டோபர் முதல் மார்ச் வரை அட்லாண்டிக் மழை வரும், ஆற்றங்கரைச் சந்துகளில் பதித்திருக்கும் கற்கள் நனைந்தால் வழுக்கும். ஜூன் 23 இரவு அங்கே புனித யோவான் திருவிழா. பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையில் ஒருவர் செல்லமாகத் தட்டிக்கொண்டு ஊரே தெருவில் நிற்கும், நள்ளிரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. இளைஞர்கள் அதற்காகவே போகலாம். வயதானவர்களோடு போனால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு பாலத்தில் நகரவே முடியாது.

முதல் படி: ரிபெய்ரா கரையில் இறங்குங்கள்

சாவ் பென்ட்டோவில் இறங்கியதும் மேலே இருக்கும் பழைய ரயில் நிலையத்துக்குள் ஐந்து நிமிடம் போய்வாருங்கள். சுவரெங்கும் நீலமும் வெள்ளையுமாகச் சுமார் 20,000 ஓடுகளில் போர்ச்சுகல் வரலாறு. அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் பதினைந்து நிமிடத்தில் ரிபெய்ரா, அதாவது ஆற்றங்கரை. வண்ண வண்ண வீடுகள், கீழே படகுகள், இடது பக்கம் திரும்பினால் வானத்தை மறைத்துக்கொண்டு பாலம்.

உடனே பாலத்துக்கு ஓட வேண்டாம். கரையோரச் சுவரில் ஒரு வெண்கலப் பலகையைத் தேடுங்கள். அதற்கு முன்னால் எப்போதும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும். 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் தளபதி சூல்ட் ஊருக்குள் நுழைந்தபோது, பயந்த ஜனங்கள் எதிர்க்கரைக்குத் தப்பி ஓடினார்கள். அப்போது இருந்தது படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம். கூட்டத்தின் பாரம் தாங்காமல் அது விட்டுப்போக, ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றில் மூழ்கினார்கள். அந்தப் பலகையில் அதைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். இருநூறு வருடத்துக்குப் பிறகும் யாரோ வந்து திரி ஏற்றுகிறார்கள். எங்கள் கண்ணெதிரே ஒரு பாட்டி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஏற்றிவைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மாவும் கைகூப்பினார். நம்மூரில் ஆற்றங்கரைத் தெய்வத்துக்கு விளக்கு வைப்பதும் வேறு எதற்கு?

இந்தக் கதை தெரிந்த பிறகுதான் இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு உறுதியான பாலம் தேவைப்பட்டது என்பது புரியும். மிதவைப் பாலத்துக்குப் பிறகு 1843இல் ஒரு தொங்கு பாலம் வந்தது. அதன் கல் தூண்கள் இரண்டு இரும்புப் பாலத்தின் அடியிலேயே, போர்ட்டோ கரையில் இன்னும் நிற்கின்றன. பலரும் அவற்றை இந்தப் பாலத்தின் பகுதி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: வளைவுக்குக் கீழே

இங்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் சொல்வதில் ஒன்றையாவது கேட்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

வளைவு கரையைத் தொடும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கரையோரத்தில் அகலமாகத் தொடங்கும் வளைவு, உச்சிக்குப் போகப் போக ஒல்லியாகிறது. மரியா பியா பாலத்தில் இது தலைகீழ்: பிறைநிலா மாதிரி நடுவில் தடித்து, இரு முனையும் கூர்மையாகக் கரையைத் தொடும். இரண்டிலும் சேரிக்கின் கை இருக்கிறது. ஒரே மனிதர் பத்து வருடத்துக்குள் ஒரே ஆற்றில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வளைவுகளை எழுப்பியிருக்கிறார்.

அடுத்து, இரண்டு தளங்களையும் வளைவு எப்படிச் சுமக்கிறது என்று கவனியுங்கள். மேல்தளம் வளைவின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, உச்சியில் நேராகவும் மற்ற இடங்களில் தூண்கள் வழியாகவும். கீழ்த்தளம் அப்படி இல்லை, வளைவிலிருந்து இறங்கி வரும் இரும்புக் கம்பங்களில் தொங்குகிறது. ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஆழமும் வெள்ள வேகமும் உள்ள இந்த ஆற்றில் தூண் நடுவது லேசான காரியம் இல்லை.

எல்லாம் தேனிரும்பு, வெல்டிங் கிடையாது. பட்டைகளையும் கோணங்களையும் துளையிட்டுப் பொருத்தி, பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணியைத் துளையில் விட்டு மறுமுனையை அடித்துத் தட்டையாக்குவார்கள். ஆறும்போது அது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழ்த்தளத்தில் நடக்கும்போது கைக்கெட்டும் இடத்தில் ரிவெட் தலைகள் வரிசையாக இருக்கும், தொட்டுப் பாருங்கள். சில்லென்று, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து வழவழவென்று இருக்கும். கடல் ஐந்தாறு கிலோமீட்டரில்தான். அந்த உப்புக் காற்றில் இரும்பு பிழைப்பது பெயின்ட்டாலும் பழுது பார்ப்பதாலும்தான் என்பது, உப்புக் காற்றில் கேட்டுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் படி: கீழ்த்தளத்தில் கடப்பது

நுழைவாயிலில் பாலத்தின் பெயர்ப்பலகை இருக்கும். 1944 வரை இங்கே சுங்கம் கொடுத்துத்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு தளமும் இலவசம். நடைபாதை குறுகல், பக்கத்திலேயே பேருந்து போகும், ஆகவே பிள்ளைகளைப் பேருந்து போகும் பக்கம் விடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோடையில் உள்ளூர்ப் பையன்கள் கைப்பிடிமேல் ஏறி ஆற்றில் குதிப்பார்கள், காசும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நீரோட்டம் பலமான ஆறு அது.

எதிர்க்கரையின் பெயர் விலா நோவா டி காயா, தனி நகராட்சி. கரையில் பீப்பாய் ஏற்றிய பழைய தட்டையான படகுகள் நிற்கும். மேலே மலைநாட்டுத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து ஒயினை ஒரு காலத்தில் அவற்றில்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பெரிய மரப் பீப்பாயை அங்கே 'பிப்பா' என்கிறார்கள், 550 லிட்டர் பிடிக்கும். நம் பீப்பாய் அங்கிருந்து வந்த சொல்தான். அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் கடைக்குக் கடை கேட்கும்: ஜன்னலுக்கு 'ஜனெலா', சாவிக்கு 'சாவ்', மேசைக்கு 'மேசா'. விடுதிச் சாவியை வாங்கும்போது அம்மா "சாவி" என்று கேட்டார், வரவேற்பில் இருந்த பெண் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார்.

நான்காம் படி: மேலே ஏறுவது

காயா கரையிலிருந்து மேல்தளத்தின் முனைக்கு ஏறும் சாலை செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் ரோப் காரில் ஏறுங்கள், கரையிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஜார்டிம் டோ மோரோ பூங்காவில் இறக்கிவிடும். போர்ட்டோ கரையில் ஏற வேண்டியிருந்தால், பாலத்தின் பக்கத்திலேயே மலைச்சரிவில் இழுவை ரயில் இருக்கிறது. இரண்டுக்கும் தனி டிக்கெட், அந்தான்த் அட்டை செல்லாது. மாலையில் நிறுத்தும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் காலையிலேயே பலகையைப் பார்த்து வையுங்கள்.

பூங்காவுக்கு மேலே வட்டமான தேவாலயத்தோடு செர்ரா டோ பிலார் மடாலயம். அதன் முற்றத்திலிருந்துதான் பாலம் முழுசாக, இரு தளமும் வளைவும் ஒரே பார்வையில் தெரியும். 1809 மே மாதம் பிரெஞ்சுப் படையை விரட்ட வந்த ஆங்கிலத் தளபதி இந்த மேட்டில் நின்றுதான் எதிர்க்கரையைக் கவனித்தார், பீப்பாய் ஏற்றும் படகுகளைப் பிடித்து வீரர்களைக் கடத்தினார். பிற்பாடு வெலிங்டன் ஆன ஆர்தர் வெல்லெஸ்லி. பத்து வருடம் முன்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்து நின்ற படையில் இருந்தவர் இவர்தான்.

ஐந்தாம் படி: மேல்தளத்தில் திரும்புவது

சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது பூங்காவில் இருங்கள். ஜூனில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் மறையும், டிசம்பரில் ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும். நமக்குக் கடலில் சூரியன் உதிக்கத்தான் தெரியும். அங்கே ஆறு மேற்கே போகிறது, அது போகும் திசையிலேயே சூரியன் இறங்குகிறது. பூங்காப் புல்வெளியில் யாராவது கிடார் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் நடங்கள். 2005 முதல் மேல்தளத்தில் மஞ்சள் தட மெட்ரோவும் நடக்கிறவர்களும் மட்டுந்தான், கார் கிடையாது. தண்டவாளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் தடுப்பு இல்லை. ரயில் மெதுவாக, மணி அடித்துக்கொண்டு வரும், ஆனாலும் படம் எடுப்பதற்காகப் பின்னாலேயே நகர்ந்து தண்டவாளத்தில் கால் வைக்கிறவர்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. படம் எடுப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் திசை பார்த்து நிற்கட்டும். காற்று பலமாக இருக்கும், புடவை கட்டியவர்கள் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், தொப்பியைப் பையில் வையுங்கள்.

உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதே தூரத்தை மெட்ரோவில் கடக்கலாம். எங்கள் அம்மா நடுவழியில் நின்று, "ஆடுது பாரு" என்றார். ரயில் வரும்போது லேசான அதிர்வு காலில் தெரியும். பயப்பட வேண்டாம், இரும்புப் பாலம் கொஞ்சம் அசைந்து கொடுக்கத்தான் வேண்டும். வெயிலுக்கும் அது நீளும்: 385 மீட்டர் இரும்புக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர். தளத்தின் முனைகளில் இருக்கும் இடைவெளி இணைப்புகள் அதற்காகத்தான்.

மறுநாள்: ஆற்றிலிருந்து

இரு கரையிலிருந்தும் 'ஆறு பாலங்கள்' (எண்ணிக்கையில் ஆறு) படகுச் சவாரி கிளம்பும், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பகலில் எந்த நேரமும் சரி. 1991இல் ரயிலை நிறுத்திய மரியா பியாவைக் கிட்டத்தில் பார்க்க இதுதான் சுலபமான வழி. அதற்குப் பக்கத்திலேயே, ரயிலை ஏற்றுக்கொண்ட கான்கிரீட் பாலம். ராணியின் பாலம் ரயில் இல்லாமல் சும்மா நிற்கிறது. முந்தின நாள் நூற்றுக்கணக்கானவர்கள் நடந்துகொண்டிருந்த பாலத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கும்போது எனக்குத் தாத்தாவின் தூண்கள்தான் ஞாபகம் வந்தது.

சாப்பாடு

மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. மத்தி மீனை முழுசாகக் கரியில் சுட்டுத் தருவார்கள். உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், அதாவது அவர்களுடைய கருவாடு, விதவிதமாகக் கிடைக்கும். சைவக்காரர்கள் காய்கறி சூப், ரொட்டி, சாலட் என்று சமாளிக்கலாம். பச்சைக் கீரை சூப்பில் பன்றிக்கறித் துண்டு மிதக்கும், முட்டை கலந்த கஸ்டர்ட் பணியாரத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்காமலே மேசையில் ரொட்டியும் ஆலிவும் வைப்பார்கள். தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாலத்தை ஒட்டிய கடைகளில் விலை அதிகம், இரண்டு சந்து உள்ளே போனால் அதே மீன் பாதிக்குப் பாதி விலையில் கிடைக்கும். நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாடு', பெண்கள் 'ஒப்ரிகாடா'.

கடைசி இரவு சாப்பிட்டுவிட்டு மறுபடி காயா கரைக்குப் போங்கள். விளக்கு போட்ட வளைவின் பிம்பம் ஆற்றில் தலைகீழாக விழுந்து தெரியும். காற்று இல்லாத நேரமாகப் பார்த்து நில்லுங்கள், படகு ஒன்று போனாலே பிம்பம் கலைந்துவிடும், திரும்பக் கூட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். திரும்பும் மஞ்சள் தட ரயிலில் ஜன்னல் பக்கம் மேற்கே பார்த்து நின்றுகொண்டால், கீழே நீங்கள் நின்ற அதே இடம் தெரியும்.